செஞ்சிக் கோட்டையின் உடற்பயிற்சிக் கூடமும் புதுக்குப்புறமும்

முன்னுரை

தமிழகத்துக் கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்றொரு சொல் வழங்குகின்றது. கோயில் முதலியன பழுதுற்றவிடத்து அவற்றைப் புதுக்குதற்கென விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். ஒரு கட்டடத்தை எழுப்பியவர், அது காலத்தால் சிதையும் என்பதையும் முன்னரே எண்ணி, அச் சிதைவை மாற்றுதற்கான பொருளை நிலத்தின் விளைவில் நிறுத்திச் சென்றனர் என்பதை இவ்வொரு சொல்லே விளக்கும். ஆயின், இவ் ஏற்பாடு பெரும்பாலும் தெய்வம் உறையும் இடத்தைச் சார்ந்தே அமைந்தது. தெய்வம் உறையாத கட்டடங்களாகிய அரண்மனை, களஞ்சியம், குதிரை இலாயம், வீரர் உடல் பயின்ற கூடம் ஆகியவற்றைப் புதுக்கியவர் யாவர்? அவர் அதற்குப் பொருள் பெற்ற வழி யாது? அவ்வழி அடைபட்ட பின்னர் அக் கட்டடங்களின் நிலை என்னாயிற்று? இவ் வினாக்களைச் செஞ்சிக் கோட்டையுள் 'உடற்பயிற்சிக் கூடம்' என வழங்கும் கட்டடத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

இவ் ஆராய்ச்சிக்கு இன்று ஒரு தனித் தேவை உண்டு. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெசுகோ நிறுவனம் 'இந்தியாவின் மராட்டியப் படையரண் நிலக்காட்சிகள்' என்னும் தொகுதியை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அத் தொகுதியில் அடங்கிய 12 கோட்டைகளுள் 11 மராட்டிய மாநிலத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி. உலகின் நோக்கு செஞ்சியின்மேல் திரும்பியுள்ள இக் காலத்தில், அக் கோட்டையுள் எக் கட்டடம் காக்கப்படும், எது கவனிப்பாரற்று நிற்கும், அதற்குரிய பொருள் எங்கிருந்து வரும் என்பன தமிழ் ஆராய்ச்சியாளரும் எண்ணிப் பார்த்தற்குரியனவாம்.

கூடம் அமைந்த இடம்

செஞ்சிக் கோட்டை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மதிலால் இணைத்து அமைந்தது. இவற்றுள் இராசகிரியே உயர்ந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 800 அடி. அதன் அடிவாரத்து உட்கோட்டையுள்தான் அரசியல் வாழ்வுக்கும் படை வாழ்வுக்கும் வேண்டிய கட்டடங்கள் செறிந்துள்ளன. கலியாண மகால், அரண்மனை இருந்த இடம், யானைக்குளம், குதிரை இலாயம், பெருங்களஞ்சியம் ஆகியவற்றோடு ஒரு தொகுதியாக நிற்பதே உடற்பயிற்சிக் கூடம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு வளைவு முறையில் எழுப்பப்பட்ட கட்டடங்களின் இனத்தைச் சேர்ந்தது இது.

இவ் இட அமைப்புக் கருதத்தக்கது. உணவுக்குக் களஞ்சியம், ஊர்திக்கு இலாயம், நீருக்குக் குளம், உடலுக்குக் கூடம் என நான்கும் ஒருங்கே அமைந்தமை, முற்றுகைக் காலத்தில் ஒரு படை தன்னைத்தான் பேணிக் கொள்ளுதற்கு வேண்டிய நான்கையும் காட்டும். எனவே இக் கூடத்தைத் தனித்த ஒரு விளையாட்டு மண்டபமாகக் கருதுதல் பொருந்தாது. கோட்டை என்னும் முழுமையின் ஓர் உறுப்பாகவே அதனைக் கொள்ளல் வேண்டும். அவ் உறுப்பு அழியின், படைவீரன் கோட்டையுள் நாள்தோறும் எவ்வாறு வாழ்ந்தான் என்பதற்குரிய சான்றுகளுள் ஒன்று அழிந்ததாகும்.

பயிற்சிக் களம் குறித்த சொற்கள்

'உடற்பயிற்சிக் கூடம்' என்பது இக்காலத்துச் சொல்லாட்சி. தமிழர் இத்தகைய இடங்களைப் பண்டு வேறு பெயர்களால் வழங்கினர். காவிரிப்பூம்பட்டினத்தின் கடற்கரையில் வீரர் ஒருவரோடொருவர் மாறுபட்டுப் பொருத இடத்தைப் பட்டினப்பாலை 'முரண்களரி' எனக் குறிக்கின்றது. களரி என்னும் இச் சொல்லோடு வடமொழியின் 'கலூரிகா' என்பது தொடர்புடையதாகலாம் என மொழிநூலார் கருதுவர். சோழருள் ஒருவன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி எனப் பெயர் பெற்றவன். அவன் ஆமூர் மல்லனோடு மற்போர் புரிந்து வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடினார். போரவை என்பது அரசன் பெயருக்கு அடையாகும் அளவு சிறப்புற்றிருந்தது என்பது இதனாற் போதரும்.

பிற்காலத்தில் 'கரடிக்கூடம்' என்னும் சொல் வழக்கிற்கு வந்தது. சிலம்பம் முதலியன பயிலும் இடம் என்பது அதன் பொருள். கன்னடத்தில் 'கரடி' எனவும் தெலுங்கில் 'கரிடி' எனவும் ஒலிப்பு வேறுபட்டு வழங்கும் சொற்களோடு இது உறவுடையது. காட்டு விலங்காகிய கரடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'தண்டால்', 'பசுக்கி', 'கர்லாக்கட்டை' ஆகிய சொற்களோ வடநாட்டு மொழிகளின் வாயிலாக வந்து தமிழ்ப் பேச்சில் வேரூன்றியவை. மராத்தியில் பயிற்சிக் கூடத்தைக் குறிக்கும் 'தாலிம்' என்பதும் மராட்டியர் ஆட்சி நிலவிய பகுதிகளில் அறியப்பட்டதே.

இச் சொற்களை வரிசைப்படுத்திப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். களரியும் போரவையும் தமிழ் வேந்தர் காலத்தைச் சுட்டுகின்றன. கரடிக்கூடம், கன்னட தெலுங்கு நாடுகளோடு தமிழகம் நெருங்கிய விசயநகர, நாயக்கர் காலத்துப் படைத் தொடர்பை நினைவூட்டுகின்றது. தண்டாலும் பசுக்கியும் வடநாட்டுப் படையினரின் வரவோடு இயைபுடையன. செஞ்சிக் கோட்டையின் ஆட்சி மாறியவாறே உடற்பயிற்சியின் சொற்களும் மாறி வந்தன. ஆயின் பயிற்சியோ இடையறவில்லை. புதிய சொல் வந்தபொழுது பழைய கலை ஒழிந்து போகவில்லை. சிலம்பமும் மற்போரும் தண்டாலோடு சேர்ந்தே வாழ்ந்தன.

வரலாற்றுச் சூழல்

செஞ்சியின் தொடக்க வரலாற்றை ஆனந்தக் கோன் முதலாய கோன் மரபினரோடு சார்த்தி உரைப்பது மரபு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் என்பார் எழுதிய 'கர்னாடக ராசாக்கள் சவிசுதார சரித்திரம்' இம் மரபுச் செய்திகளைத் தொகுத்துத் தருகின்றது. அடுத்து விசயநகரப் பேரரசின்கீழ்ச் செஞ்சி நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது. 1597ஆம் ஆண்டு செஞ்சிக்கு வந்த இயேசு சபைத் துறவியாகிய பிமெந்தா, போர்த்துக்கல் நாட்டில் இலிசுபன் ஒழிந்த ஏனைய நகரங்கள் அனைத்தினும் இது பெரிது என எழுதினார். அன்று ஆட்சி புரிந்தவர் கிருட்டிணப்ப நாயக்கர்.

நாயக்கர் பின்பற்றிய அரசவை வழக்கங்கள் விசயநகரத்திலிருந்து வந்தவை. அவ் வழக்கங்களுள் உடற்பயிற்சி பெற்றிருந்த இடத்தை 1520ஆம் ஆண்டளவில் விசயநகரத்தைக் கண்ட போர்த்துக்கேசியராகிய தொமிங்கோ பயசு தெளிவாக உரைக்கின்றார். கிருட்டிண தேவராயர் விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் பருகி, அவ் எண்ணெயையே உடலெங்கும் பூசி, மண்ணாற் செய்த பெரும் பாரங்களைத் தூக்கி, வாள் சுழற்றி எண்ணெய் வியர்வையாய் வெளியேறும் வரை பயின்று, பின்னர் மல்லர் ஒருவரோடு பொருது, இறுதியிற் குதிரை ஏறிச் செல்வார் என்பது அவர் தரும் செய்தி. மேலைச் சாளுக்கிய மன்னனாகிய மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலும் மற்போரை அரசர்க்குரிய பொழுதுபோக்குகளுள் ஒன்றாக விரித்துரைக்கும். எனவே அரண்மனைக்கு அண்மையில் உடற்பயிற்சிக்கெனக் கட்டடம் அமைதல் தென்னாட்டு அரசியல் வாழ்வின் இயல்பே என்க.

17ஆம் நூற்றாண்டின் நடுவிற் செஞ்சி பீசப்பூர்ச் சுல்தானியர் கைப்பட்டது. 1677இல் சிவாசி அதனைக் கைக்கொண்டார். அவர் செஞ்சியின் அரண்களைப் பெரும் பொருட்செலவில் வலுப்படுத்தியதை அக்கால இயேசு சபையார் மடல்கள் கூறும். அவர் மகன் இராசாராம் செஞ்சியில் தங்கிய காலத்தில், மொகலாயப் படைத்தலைவனாகிய சுல்பிகார்கான் 1690 முதல் 1698 வரை அதனை முற்றுகையிட்டான். அம் முற்றுகையைத் தாங்கிய படை, மதிலின் வலிமையாலன்றித் தன் உடல் வலிமையாலும் உணவுச் சேமிப்பாலுமே நிலைத்து நின்றது என்பது சொல்லாமலே அமையும்.

மொகலாயர் காலத்திற் கோட்டைத் தலைவனான சொரூபசிங்கின் மகன் தேசிங்கு, 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பொருது மாண்டான். எவராலும் அடக்கவியலாத குதிரையை அவன் அடக்கினான் என்னும் செய்தி தேசிங்குராசன் கதைப்பாடலாற் பரவியது. நாட்டு மக்கள் அவனுடைய குதிரையையும் வாளையும் நண்பனையும் நினைவிற் கொண்டனர். அக் குதிரையேற்றத்துக்கும் வாட்பயிற்சிக்கும் இடந்தந்த கோட்டைக் கட்டடங்களுக்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. பாட்டுடைத் தலைவன் ஆதற்குரிய தகுதி வீரனுக்கு உண்டு. செங்கற் கட்டடத்துக்கு இல்லை.

புதுக்குதற்குரிய பொருள்

இனி, பழுது பார்த்தற்குரிய பொருள் பண்டு எவ்வாறு அமைந்தது என்பதை ஆராய்வோம். தமிழ்க் கல்வெட்டுகள் இதற்கு மூன்று வழிகளைக் காட்டுகின்றன. முதலாவது நிலம். புதுக்குப்புறம் கோயிலுக்கும், ஏரிப்பட்டி ஏரிக்கும் விடப்பட்டன. இரண்டாவது பொன்னும் கால்நடையும். விளக்கெரித்தற்கு விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என வழங்கினர். இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்தலால் எண்ணிக்கை குறையாது நிற்கும் என்பது கருத்து. பொன்னாயின் முதல் அழியாது பொலிசை மட்டுமே செலவாகும். மூன்றாவது மேற்பார்வை. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றைக் குறிக்கின்றன. ஊரார் குடவோலை வாயிலாகத் தேர்ந்த வாரியத்தார், ஆண்டுதோறும் மாறி, இப் பணிகளைக் கவனித்தனர்.

இம் மூன்றிலும் பொதுவாயமைந்த இயல்பு ஒன்றுண்டு. பழுது நேர்ந்த பின்னர்ப் பொருள் தேடும் முறை அன்று இது. பழுது நேருமுன்னரே பொருளை நிறுத்தி வைக்கும் முறையாகும். ஆண்டுதோறும் சிறிதளவு செலவிடுதலால் பெருஞ்சிதைவு தவிர்க்கப்பட்டது.

கோட்டைகளின் ஏற்பாடோ இதனின் வேறுபட்டது. விசயநகரக் காலத்திற் படைக்காணிக்கை, தண்ணாயக்கர் மகமை முதலிய பெயர்களால் படை ஏந்துக்கெனத் தனி வரிகள் வாங்கப்பட்டன. நாயக்கத்தானத்தைப் பெற்றவர் அதன் வருவாயிலிருந்து பேரரசுக்குத் திறை செலுத்தியும் படையைப் பேணியும் வந்தனர். கோட்டைச் செலவு அவ் வருவாயில் அடங்கியது. மராட்டியர் கோட்டை ஆட்சியிலும் சேமிப்புக்கும் பண்டங்களுக்கும் பொறுப்பாகத் தனி அலுவலர் இருந்தனர். ஆகவே கோட்டைக் கட்டடத்துக்குப் பொருள் வந்தது உண்மையே. ஆயின் அது படை இருக்கும் வரையே வந்தது. கோயிலுக்கு விடப்பட்ட நிலம், அரசு மாறினும் கோயிலோடு நின்றது. கோட்டைக்கு வந்த வரியோ, படை நீங்கியவுடன் வேறிடம் சென்றது. இவ் வேறுபாடே பிற்காலத்துச் சிதைவுக்கு முதற் காரணம் என்பது என் கருத்து.

செஞ்சிக்கு அணித்தாயுள்ள சிங்கவரத்தில் பல்லவர் காலத்து அரங்கநாதர் குடைவரைக் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதற்குப் பன்னூறு ஆண்டு பிற்பட்ட கோட்டைக் கட்டடங்கள் பாழுற்று நிற்கின்றன. பாறையைக் குடைந்தது நிலைக்கும், செங்கல் நிலையாது என இதற்கு விடை கூறலாம். அது பாதி உண்மையே. நாள்தோறும் விளக்கேற்றுவார் உள்ள இடத்தில் ஒழுக்கு உடனே காணப்படும். எவரும் புகாத கூடத்தில் கூரை வீழ்ந்த பின்னரே அது காணப்படும்.

காவல் நீங்கிய காலம்

1750இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சியைக் கைப்பற்றினர். 1761இல் அது ஆங்கிலேயர் வயமாயிற்று. 1780இல் ஐதர் அலியின் படை அதனைக் கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கோட்டை படைத்துறைப் பயனை இழந்தது. 1803இல் தென்னார்க்காட்டுத் தண்டல் நாயகர் அரண்களை இடித்துவிடுமாறு பரிந்துரைத்தார். அப் பரிந்துரை நிறைவேறாமற் போயிற்று.

இடிக்கப்படாமை காக்கப்படுதல் ஆகாது. உரியவர் அற்ற கட்டடம் பிற கட்டடங்களுக்குக் கற்சுரங்கமாகும் என்பது உலகியற்கை. கோட்டையுள் உள்ள வேங்கடரமணர் கோயிலின் வேலைப்பாடமைந்த கற்றூண்கள் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன; அங்குக் கடற்கரையிற் செஞ்சித் தூண்களை இன்றும் காணலாம். பெருங்கோயிலே இந்நிலை எய்தியதெனின், வழிபாடும் இல்லாத செங்கற் கூடத்தின் நிலையைக் கூற வேண்டுவதில்லை. வழிபாடு ஒழிந்தால் கோயிலும் காப்பிழக்கும் என்பதை வேங்கடரமணர் கோயில் காட்டுகின்றது. ஆகவே கட்டடத்தைக் காப்பது தெய்வத்தின் பெயர் மட்டுமன்று. அதனை நாடிச் செல்லும் மக்களின் இடையறாத பயன்பாடே என்பது தெளிவாம்.

மதுரைத் திருமலை நாயக்கர் மகால் இதற்கு மறுதலையான சான்று. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு அதனைப் பழுது பார்க்கச் செய்தார். அக் கட்டடம் நீதிமன்றமும் அலுவலகங்களும் நடத்தப் பயன்பட்டது. பயன் கண்ட அரசு பொருள் கொடுத்தது. செஞ்சிக் கூடத்துக்கு அத்தகைய பயன் எதுவும் காணப்படவில்லை.

சட்டமும் நிதியும்

1904ஆம் ஆண்டுப் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர், 1921இல் செஞ்சிக் கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் இப் பாதுகாப்பை விரிவுபடுத்தியது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம், சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடம் எழுப்புதலைத் தடுத்து, அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குக்கு உட்படுத்தியது. நாட்டுச் சிறப்புடைய சின்னங்களைக் காத்தல் அரசின் கடமை என அரசியலமைப்பின் 49ஆம் உறுப்பு கூறுகின்றது.

பாதுகாப்புச் சட்டம் கேடு செய்தலைத் தடுக்கும். அது தானே காரை பூசாது. காரைக்கு வேண்டும் பொருள் இந்தியத் தொல்லியல் துறைக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகையிலிருந்து வருவது. அத் துறையின் காப்பில் நாடெங்கும் 3,600க்கு மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. செஞ்சியில் வாங்கும் நுழைவுக் கட்டணம் செஞ்சிக்கெனத் தனியே நிற்பதில்லை; நடுவணரசின் தொகுநிதியிற் சேர்கின்றது. கோட்டைக்கு வருவோர் கொடுக்கும் காசுக்கும் கூடத்தின் கூரைக்கும் நேரான தொடர்பு இல்லை. புதுக்குப்புறத்தில் நிலத்தின் விளைவும் கட்டடத்தின் பழுதும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தமையை ஈண்டு ஒப்பு நோக்குக.

இக் குறையை ஒருவாறு நீக்குதற்கு எழுந்ததே 1996ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியம். தனியாரும் நிறுவனங்களும் குறித்த ஒரு சின்னத்துக்கெனப் பொருள் வழங்க இது வழி செய்கின்றது. அங்ஙனம் வழங்குவார்க்கு வருமான வரி விலக்கும் உண்டு. தில்லியில் உமாயூன் கல்லறைத் தோட்டம் ஆகாகான் அறக்கட்டளையின் பொருளால் 2003இல் புதுப்பிக்கப்பட்டது இம் முறைக்கு முன்மாதிரியாயிற்று. 2017இல் தொடங்கி 2023இல் திருத்தியமைக்கப்பட்ட 'மரபுச் சின்னத்தைத் தத்தெடுத்தல்' என்னும் திட்டமோ, வருவோர்க்கு வேண்டும் வசதிகளை அமைத்தலைப் பெரிதும் கருதியது. வழியும் விளக்கும் குடிநீரும் அமைத்தல் நன்றே. ஆயினும் அவை கட்டடத்தின் உயிரைக் காப்பன ஆகா. கொடையாளர் தம் பெயர் பொறித்தற்கேற்ற பொருள்களையே விரும்புவர். வளைவின் மேற்புறத்துப் பிளவை அடைத்த காரையிற் பெயர் பொறிக்க இடமில்லை.

செப்பனிடும் முறை

பழைய செங்கற் கட்டடம் சிதைவதற்கு நீரும் வேரும் முதற் காரணங்கள். வளைவுக் கூரை தன் சுமையைப் பக்கச் சுவர்களின்மேல் வெளிநோக்கித் தள்ளும். மேற்றளத்துக் காரை வெடிப்பின் மழைநீர் உட்புகுந்து செங்கல்லின் இடைச் சாந்தைக் கரைக்கும். அவ் இடுக்கில் அரசும் ஆலும் முளைத்து வேர் விடும். வேர் பருத்தலால் செங்கல் இடம் பெயரும். வளைவின் உச்சி தளரும். சுவர் வெளிச் சாயும். தொடக்கத்தில் ஒரு கொத்தரின் ஒரு நாட்பணியால் தீர்ந்திருக்கும் பழுது, சில ஆண்டுகளிற் பெருஞ்செலவாய் வளர்கின்றது.

பழுது பார்க்கும் பொருளும் பழையதோடு இயைதல் வேண்டும். சிமெண்டுச் சாந்து கடினமானது, ஈரத்தை வெளிவிடாது. பழைய மென்செங்கற் சுவரில் அதனைப் பூசினால், உள்ளே தங்கிய ஈரம் உப்பைக் கரைத்துச் செங்கல்லையே பொடியாக்கும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடும் செங்கற்பொடியோடும் சேர்த்துப் பல நாள் புளிக்க வைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் கலந்து அரைத்த காரையே பழஞ்சுவரோடு ஒன்றி மூச்சு விடும். இக் காரை மெல்ல இறுகுவது, கைத்திறன் வேண்டுவது. ஆகவே செலவு பண்டத்தினும் காலத்திலும் பயிற்சியுடைய கொத்தரிலுமே மிகுதி. குறித்த நிதியாண்டுக்குள் தொகையைச் செலவிட்டு முடிக்க வேண்டும் என்னும் அலுவலக முறைக்கும், மெல்ல இறுகும் சுண்ணாம்பின் இயல்புக்கும் இயைபு குறைவு.

எந்த அளவு புதுக்கலாம் என்பதும் வினாவே. தொல்லியல் துறைத் தலைவராயிருந்த சர் சான் மார்சல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு, புதிதாகச் சேர்த்தலினும் உள்ளதைச் சிதையாது காத்தலையே வற்புறுத்தியது. 1964ஆம் ஆண்டு வெனிசுப் பட்டயம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுக்குதல் நிற்றல் வேண்டும் என்னும் கொள்கையை நிலைநாட்டியது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த நம் நாட்டுப் பாதுகாப்புக் கொள்கையும் மரபுக் கைவினைஞரின் திறத்தை மதிக்கின்றது. செஞ்சிக் கூடத்துக்கு இக் கொள்கைகளைப் பொருத்தினால், வீழ்ந்த பகுதியை எண்ணத்தால் எழுப்புதல் தகாது; நிற்கும் பகுதியை நீரினின்றும் வேரினின்றும் காத்தலே தகும்.

ஏதென்சு நகரத்து ஒப்புமை

விளையாட்டுக்குரிய பழங்கட்டடம் கொடையாற் புத்துயிர் பெற்றதற்குக் கிரேக்க நாட்டு ஏதென்சு நகரின் பானாதினைக்கு அரங்கம் சிறந்த எடுத்துக்காட்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டிற் தோன்றிய அவ் அரங்கம், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எரோது அத்திக்கு என்னும் செல்வரால் வெண்சலவைக் கல்லாற் கட்டப்பட்டது. விளையாட்டு ஒழிந்த பின்னர் அதன் கற்கள் பிற பணிகளுக்குப் போயின. 19ஆம் நூற்றாண்டிற் சப்பா என்பாரின் கொடையால் அகழ்ந்து காணப்பட்டு, அவெரோவ் என்னும் வணிகர் வழங்கிய 9 இலட்சத்துக்கு மேற்பட்ட திராக்மாவால் மீண்டும் கட்டப்பெற்று, 1896ஆம் ஆண்டு ஒலிம்பிக்கு விளையாட்டுக்கு இடமாயிற்று.

இங்குக் கருதத்தக்கது யாதெனில், கொடை கட்டடத்தை நோக்கி மட்டும் வரவில்லை. கட்டடத்தில் நிகழவிருந்த விளையாட்டை நோக்கி வந்தது. அதே வேளையில், அங்கு நிகழ்ந்தது மறுகட்டுமானம். அதனைச் செஞ்சியில் அவ்வாறே பின்பற்றுதல் ஏலாது. கொடை வந்த வழியைக் கொண்டு, கட்டிய முறையை விடுதலே நமக்கு ஏற்றது.

கலையும் கூடமும்

செஞ்சி இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம் மாவட்டத்தில் மல்லர் கம்பம் ஊக்கத்தோடு பயிலப்படுகின்றது. சிலம்பம் தமிழகமெங்கும் வாழ்கின்றது. கலை உயிரோடுள்ளது, அக் கலைக்குரிய பழங்கூடம் உயிரற்று நிற்கின்றது. கலைக்குரிய பொருள் விளையாட்டுத் துறையிலிருந்தும், கூடத்துக்குரிய பொருள் தொல்லியல் துறையிலிருந்தும் வருகின்றன. இவ் இரு பொருளும் ஒன்று கூடும் இடம் இல்லை.

சட்ட விதியும் ஈண்டு நோக்கத்தக்கது. 1959ஆம் ஆண்டு விதிகளின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திற் கூட்டமோ கலை நிகழ்ச்சியோ நடத்த நடுவணரசின் எழுத்து வழி இசைவு வேண்டும். வழக்கமாய் நிகழும் சமயச் சடங்குக்கு இவ் விதி விலக்களிக்கின்றது. கோயிலுக்குப் புதுக்குப்புறம் உண்டு, கூடத்துக்கு இல்லை என்ற பழைய வேறுபாடு, புதிய சட்டத்திலும் வேறுருவில் தொடர்வதை இதனால் அறியலாம். விதியைக் குறை கூறுதல் என் கருத்தன்று. பெருங்கூட்டம் பழஞ்சுவருக்குக் கேடு விளைக்கும். எனவே தடை வேண்டுவதே. ஆயின், கூடத்தின் உள்ளே அன்றி, அதற்குப் பாதுகாப்பான தொலைவில், உரிய இசைவு பெற்று, ஆண்டுக்கொரு முறை சிலம்பமும் மல்லர் கம்பமும் நிகழ்த்தி, அக் கூடத்தின் வரலாற்றை மக்களுக்கு உணர்த்துதல் இயலும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றாற் பெறப்படுவன வருமாறு: செஞ்சி உடற்பயிற்சிக் கூடம் கோட்டையின் படை வாழ்வில் உறுப்பாயமைந்தது. அதன் பொருள் வழி, படையின் வருவாயோடு பிணைந்திருந்தமையால், படை நீங்கியதும் அற்றுப் போயிற்று. கோயிலுக்கிருந்த நிலையான அறக்கட்டளை முறை அதற்கு என்றும் வாய்க்கவில்லை. இன்றைய சட்டம் அதனை அழிவினின்று தடுக்கின்றது. ஆயின் ஆண்டுதோறும் நிற்கும் பொருளை அதற்கெனத் தரவில்லை.

ஆகவே வேண்டுவது ஒரு முறை செய்யும் பெருஞ்செலவன்று; என்றும் நிற்கும் சிறு பொருளே. தேசியப் பண்பாட்டு நிதியத்தின் வாயிலாகச் செஞ்சிக் கோட்டையின் தெய்வமில்லாக் கட்டடங்களுக்கென ஒரு முதலை நிறுத்தி, அம் முதல் குறையாது, பொலிசையால் ஆண்டுதோறும் மழைக்கு முன்னர் முளை களைந்து, பிளவடைத்து, தளம் பூசும் பணி நடைபெறுதல் வேண்டும். உலக மரபுப் பட்டியல் செஞ்சியின் மராட்டியர் காலச் சிறப்பை எடுத்துக் காட்டுகின்றது. அதற்கு முன்னும் பின்னும் இக் கோட்டையைக் காத்தவர் பலர். அவ் அனைவருக்கும் பொதுவாய் நின்றது உடலைப் பேணும் பயிற்சியே. அதற்கு அடையாளமாய் எஞ்சிய கூடத்துக்கு நம் முன்னோர் கோயிலுக்கு வகுத்த புதுக்குப்புறத்தை நாம் வகுத்தல் முறையாகும். சொல் நம்மிடம் உள்ளது; அதற்குரிய பொருளைத் தேடுதலே எஞ்சிய பணி.